நோட்டை மூடி வையுங்கள், குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள்

சென்னையில் தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வடசென்னையில் 31 வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில் போனது. 2023இல் ஓய்வு பெற்றேன். இப்போது சாயங்காலம் ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டு மாடிப்படியில் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒரு பெண் குழந்தையால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறவள். அவள் அம்மா கையில் நோட்டோடு அழைத்து வந்தார். "டீச்சர், எழுத்து முத்து முத்தா இருக்கு, ஆனா படிக்க மாட்டேங்கறா" என்றார். நோட்டைப் பார்த்தேன். நான்கு கோட்டுக்குள் ஓர் எழுத்துகூட வெளியே வழியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் தேதி, சிவப்பு மையில் 'நன்று', கையெழுத்து. ஒரு பக்கத்தில் 'ஆடு இலை தின்றது' என்று ஐந்து முறை எழுதியிருந்தாள். அதைப் படிக்கச் சொன்னேன். கடகடவென்று சொன்னாள். சரி, படிக்கத்தான் செய்கிறாளே என்று தோன்றியது. அப்புறம் 'தின்றது' என்பதன் மேல் விரலை வைத்து, இது மட்டும் என்ன என்று கேட்டேன். வாய்க்குள்ளேயே "ஆடு, இலை" என்று தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, மூன்றாவதாக "தின்றது" என்றாள். அதே எழுத்துகளை எடுத்து 'ஆலை' என்றும் 'இது' என்றும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். சிலேட்டைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அந்த வாக்கியத்தை மறுபடி ஐந்து முறை எழுதச் சொல்லி, கையைக் கவனித்தேன். முதலில் மேலிருந்து கீழாக ஐந்து 'ஆ' எழுதினாள். அப்புறம் அவற்றின் பக்கத்தில் ஐந்து 'டு'. அப்புறம் ஐந்து 'இ'. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே போனாள். ஐந்து வாக்கியம் எழுதி முடித்தபோது, அவள் ஒரு வாக்கியம்கூட எழுதியிருக்கவில்லை. ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் இருக்கும் எந்த ஆசிரியையைக் கேட்டாலும் இந்தப் பழக்கம் தெரியும் என்பார்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கோளாறோ, புத்திக் குறைவோ எதுவும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். இரண்டு வருடமாக அவள் நோட்டைப் பார்த்தவர்கள் உண்டு. அவள் படிப்பதை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. நான் அந்த ஆசிரியையைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஏனென்றால் நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தார்கள். என் வகுப்பில் அரை மணி நேரம் இருந்தார்கள். நோட்டுகளை அடுக்கி வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். எந்தத் தேதிக்கு எழுத்து வேலை இல்லை, எந்தப் பக்கம் திருத்தாமல் விட்டுப்போயிருக்கிறது என்று எண்ணினார்கள். என் பிள்ளைகள் அப்போது 'பாப்பா', 'மாமா', 'டப்பா' என்று தாங்களாகவே கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்த நேரம். ஒரு பையனாவது எழுந்து படித்துக் காட்ட மாட்டானா என்று காத்துக்கொண்டே நின்றேன். யாரும் கேட்கவில்லை. பார்வைக் குறிப்பில் 'எழுத்து வேலை போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளிலிருந்து கரும்பலகை நிறைய எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொன்னேன். வகுப்பு அமைதியானது. நோட்டுகள் நிறைந்தன. அடுத்த ஆய்வில் பாராட்டு வந்தது. அந்த வருடம் என்னிடமிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் படிக்கத் தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பிள்ளைகள் வருகிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு முன்னைவிட நேரத்தோடு, வயிறு நிறைந்து வந்து உட்காருகிறார்கள். நல்ல பாடநூல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, படக்கதை இருக்கிறது. வகுப்பறையில் ஆசிரியை எதற்கு நேரம் ஒதுக்குவாள் என்பது மட்டும், நீங்கள் வரும்போது எதைப் பார்ப்பீர்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

தமிழில் படிக்கக் கற்பது எவ்வளவு எளிது, எங்கே மட்டும் கடினம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். ஆனால் நாமெல்லாம் எழுத்துக் கூட்டிய காலத்தை மறந்துவிட்டோம்.

247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். குழந்தை 247 உருவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அப்புறம் துணைக்கால் (ா), விலங்கு (ி), கொம்பு (ெ) என்று சில குறிகள். இவற்றின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யும் தானாக வரும். 'ப'வுக்குத் துணைக்கால் போட்டால் 'பா' என்று ஒரு குழந்தைக்கு உண்மையாகவே புரிந்துவிட்டால், அது 'மா'வையும் 'டா'வையும் தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கிற அந்த நொடியில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். 31 வருடம் நான் இந்த வேலையில் சலிக்காமல் இருந்தது அந்த முகத்துக்காகத்தான்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். அ, ஆ, இ என்று தொடங்குவது நம் மரபு. சொல்லிப் பழக அது சரியான வரிசை. ஆனால் ஐந்து வயதுக் கைக்கு 'அ'வும் 'இ'யும் எவ்வளவு சுழி, எவ்வளவு வளைவு! 'ட' என்பது இரண்டே கோடு. அதன் வலப்பக்கம் இன்னொரு கோட்டை நிறுத்தினால் 'ப'. அந்தக் கோட்டை வளைத்து உள்ளே இழுத்தால் 'ம'. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களைப் படித்துவிடலாம். துணைக்கால் வந்ததும் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா. பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள் ஒரு குழந்தை தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டால், தனக்குப் படிக்க வரும் என்ற நம்பிக்கை அதற்கு வந்துவிடும். அகர வரிசையை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் சொல் என்று வைத்தால், அந்த நம்பிக்கை வருவதற்குள் பாதி வருடம் ஓடிவிடும்.

கடினமான இடங்களும் உண்டு. 'மரம்' என்பதை ஒரு பையன் 'மாம்' என்று படிப்பான். 'காகம்' என்பதைக் 'கரகம்' என்பான். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசம் அச்சில் ஒரு சின்னக் கீற்று. அவன் கவனமில்லாமல் படிக்கிறான் என்று அர்த்தமில்லை, மிகக் கவனமாகப் பார்த்துத்தான் தடுமாறுகிறான். கொம்பு அடுத்த சிக்கல். 'பெட்டி' என்று சொல்லும்போது 'ப்' முன்னால் வருகிறது, 'எ' பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டும். காதில் கேட்ட வரிசையில் எழுதுகிற குழந்தை முதலில் 'ப'வை எழுதிவிட்டு, பிறகு இடது பக்கம் இடம் தேடிக் கொம்பை நெருக்கி வைக்கும். அந்த நோட்டு அசிங்கமாக இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை யோசித்து எழுதியிருக்கிறது. 'கௌ' வரும் இடத்தில் வலப்பக்கம் நிற்பது 'ள'வா, குறியா என்று பெரியவர்களே குழம்புகிறோம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் உகர வரிசை. கு, சு, டு, து, மு, ரு. உகர, ஊகார வரிசைகளைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்தும். இங்கே பல எழுத்து தன் போக்கில் வளையும். நான் ஒன்றாம் வகுப்பு படித்த காலத்தில் ணா, றா, னா, லை, ளை எல்லாம் வேறு உருவத்தில் இருந்தன. பெரியார் 1930களிலேயே வலியுறுத்திய சீர்திருத்தம் 1978இல் அரசாணையாக வந்து அவை ஒழுங்குக்குள் வந்தன. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதை வகுப்பறையில் பார்த்தவள் நான். உகர வரிசைக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதனால் அதற்குக் கூடுதல் வாரங்கள் வேண்டும். பாடத்திட்டத்தில் இந்த வாரம் உகரம், அடுத்த வாரம் ஊகாரம் என்று இருக்கும்போது, 'கு'விலேயே நிற்கும் ஆசிரியையைப் பின்தங்கியவள் என்று குறிக்காதீர்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பேச்சு. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் வளர்கிற குழந்தை 'வாழைப்பழம்' என்ற சொல்லைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, "வாயப்பயம்" என்று படிக்கும். அந்தக் குழந்தைக்குப் படிக்கத் தெரியும். எழுத்தைப் பார்த்தது, ஒலியைக் கூட்டியது, தன் வீட்டில் புழங்கும் சொல்லோடு பொருத்திப் பொருளைப் பிடித்தது. படிப்பு என்பது இதுதானே? நாக்கை மடித்து 'ழ' சொல்லப் பழக்குவது வேறொரு வேலை, அதை அடுத்த வருடம் பாட்டு வழியாகச் செய்துகொள்ளலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "தப்பு, திரும்பச் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தினால், அந்தக் குழந்தை அடுத்த முறை வாயே திறக்காது. வீட்டில் பேசுகிற மொழி தப்பு என்று ஐந்து வயதில் கேட்கிற குழந்தைக்குப் பள்ளிக்கூடம் அந்நியமாகிவிடும். எழுதும்போதும் அப்படித்தான். 'தண்ணீர்' என்பதைத் 'தன்னி' என்று எழுதுகிற குழந்தை தன் காதை நம்பி எழுதியிருக்கிறது. கரும்பலகையைப் பார்த்துத் 'தண்ணீர்' என்று பிழையில்லாமல் எழுதிய குழந்தையைவிட அது ஒரு படி முன்னால் இருக்கிறது. நோட்டில் சிவப்புக் கோடு குறைவாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை பயந்தால், 'தன்னி' எழுத அந்தக் குழந்தைக்கு வாய்ப்பே கிடைக்காது.

இப்போது வகுப்பில் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிறார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் சென்னையில் எப்போதும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் எல்லோரும் தமிழ் படிக்கிறார்கள், நல்லது. ஆனால் 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க'வை எழுதி மூன்று விதமாகச் சொல்கிறோம். தமிழ் பேசும் குழந்தைக்கு இது இயல்பாக வரும், ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. வேற்று மொழிக் குழந்தைக்கு முதலில் சொல் காதில் ஏற வேண்டும், அப்புறம்தான் எழுத்து. அதற்குப் பேச்சும் கதையும் வேண்டும். கதை சொல்லிக்கொண்டிருந்தால் வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்று எழுதாதீர்கள்.

எழும்பூர்க்காரர்களுக்குப் பெருமை தரும் ஒரு பழைய செய்தி இருக்கிறது. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரவியது.

மணலில் என்ன விசேஷம் என்றால், தப்பாக எழுதினால் கையால் தடவினால் போதும், சுவடே இருக்காது. பத்து முறை தப்பு செய்யலாம், யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். விரல் எழுத்தின் போக்கைத் தோலால் உணரும். விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் நம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் இதே வழிதான். மறுநாளே பென்சிலையும் நான்கு கோட்டு நோட்டையும் கையில் கொடுத்துவிடுகிறோம். ஐந்து வயதில் விரல் தசை இன்னும் உறுதிப்படவில்லை. மூன்றரை வயதிலேயே எழுத வைக்கும் மழலையர் பள்ளிகளைப் பார்த்து, அரசுப் பள்ளிப் பெற்றோரும் "நோட்டில் ஒன்றும் இல்லையே" என்று கேட்கிறார்கள். மணலும் சிலேட்டும் எந்தத் தடயமும் வைப்பதில்லை. தடயம் இல்லாத வேலையை ஆசிரியை எப்படிக் காட்டுவாள்? நீங்கள் அவள் பக்கம் நின்றால்தான் பெற்றோரிடம் அவளால் தைரியமாகப் பேச முடியும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்தார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை வந்தது. ஆளுக்கொரு பகுதி, பெயர் எழுதிய இடம். ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்திய பாட அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்து, தன் வேகத்தில் ஏறலாம். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனா காலத்தில் பள்ளியே பார்க்காத பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எட்டு வயதுக்குள் எல்லோரும் படிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. என் கடைசி வருடத்தில் அந்தப் பாட்டுகளை நானும் ஆடிப் பாடியிருக்கிறேன். அரும்பு நிலைப் பிள்ளையை அரும்பு என்று தைரியமாகச் சொல்ல இடம் கொடுத்தது பெரிய விஷயம்.

ஆனால் எந்த முறை வந்தாலும் ஆய்வு என்ற வாசலில் வந்து நின்றதும் அது காகிதமாகிவிடுகிறது. ஏணியில் அட்டை முடித்ததற்கு டிக் இருக்கிறதா? பயிற்சி நூலில் பக்கம் நிறைந்திருக்கிறதா? செயலியில் மதிப்பெண் ஏறியிருக்கிறதா? குழந்தை எந்தப் படியில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட குறிப்புகள், குழந்தையைப் பார்க்காமலே இருக்க வழியாகிவிட்டன. பயிற்சி நூலில் காலியான பக்கம் இருந்தால் கேள்வி வரும் என்று, விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் நிரப்ப வைப்பது எத்தனை வகுப்பில் நடக்கிறது என்பது உங்களில் ஆசிரியராக இருந்து வந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

புத்தகங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதுவும் அதே பயம்தான். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த கதை நூல்கள் எவ்வளவு அழகு! மெல்லிய தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு வரி. ஆனால் கதை நூல்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தாலோ கிழிந்தாலோ தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் கையில் கிழியாத புத்தகம் படிக்கப்படாத புத்தகம். ஓரம் மடங்கி, எச்சில் பட்டு, நடுப்பக்கம் கழன்ற நூல்களை நீங்கள் ஒரு வகுப்பில் பார்த்தால், தயவுசெய்து அந்த ஆசிரியையைப் பாராட்டிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வார்த்தை வட்டாரம் முழுக்கப் பரவும். பீரோக்கள் திறக்கும்.

நேரத்துக்கு வருகிறேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் படிப்பதைத் தனித்தனியாக இரண்டு நிமிடம் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரும் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். காலையில் வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, செயலியில் பதிவேற்றம், அவசரமாகக் கேட்கும் ஒரு படிவம். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பிள்ளைகள் வாய்பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தையின் மனம் தெளிவாக இருக்கிற முதல் மணி நேரம் இப்படியே போகும். மீதி நேரத்தில் வகுப்பைச் சமாளிக்க இருக்கும் ஒரே சுலபமான வழி, "இதைப் பார்த்து எழுதுங்க." எந்த ஆசிரியையும் சோம்பலால் அதைச் சொல்வதில்லை. கை ஓயாமல் இன்னொரு வேலை இருப்பதால் சொல்கிறாள்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் காலை முதல் மணி நேரத்தில் எந்தத் தகவலும் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், கைபேசியில் செய்தி அனுப்பிவிட்டு உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் படிப்பதைக் கேட்பதற்கு. ஒரு நாளில் முப்பது பேரையும் கேட்க முடியாவிட்டால் பத்துப் பேர், மூன்று நாளில் ஒரு சுற்று வந்துவிடும். வாரத்தில் ஒருமுறையாவது தன் குரலை ஆசிரியை காதுகொடுத்துக் கேட்டாள் என்று இருந்தால், எந்தக் குழந்தையும் இரண்டு வருடம் மறைந்திருக்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் வகுப்புக்குள் வரும்போது செய்ய வேண்டியது. நோட்டுகளை மூடியே வைக்கச் சொல்லுங்கள். நாற்காலி வேண்டாம், பாயில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக் குரலே வராது. முதல் வரிசைப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்களை எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஜன்னல் ஓரம், கதவு ஓரம், பின்னால் சுவரில் சாய்ந்திருக்கும் மூன்று பேரை ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிடுங்கள். முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அப்புறம் பாடநூலில் இல்லாத ஒரு வரியைக் காட்டுங்கள். நீங்களே ஒரு தாளில் எழுதலாம். 'பாட்டி கடைக்குப் போனாள்' மாதிரி ஒரு வரி போதும். அந்தக் குழந்தை எத்தனை நொடி எடுத்தாலும் காத்திருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், மூன்று நொடியில் நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம். படித்து முடித்ததும், யார் போனாள், எங்கே போனாள் என்று கேளுங்கள். அப்புறம் சிலேட்டில் ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொல்ல வேண்டும், கரும்பலகையில் காட்டக்கூடாது. கல், மணி, வீடு, குடம் ஏதாவது ஒன்று. குழந்தை எதை எழுதினாலும் அழிக்க விடாமல் பாருங்கள். 'குடம்' என்பதில் 'கு' சறுக்கியிருந்தால் ஆசிரியையிடம் உகர வரிசையைப் பற்றிப் பேசுங்கள். அவள் முகம் மலர்ந்துவிடும், ஏனென்றால் அவள் தினமும் முட்டிக்கொள்கிற இடத்தைப் பற்றி ஒரு அலுவலர் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூன்று குழந்தைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். நோட்டுகளைப் புரட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிடக் குறைவு.

படிக்கத் தெரியாத ஒரு குழந்தை கிடைத்தால் ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அடுத்த முறை அந்தக் குழந்தை நீங்கள் வரும் நாளில் விடுப்பில் இருக்கும். அந்தக் குழந்தைக்கு எந்த எழுத்து வரை வருகிறது என்று ஆசிரியையோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். தேதி போட்டு, குழந்தையின் பெயரையும் அது நிற்கும் இடத்தையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். 'துணைக்கால் வரை வருகிறது, கொம்பு வரவில்லை' என்ற அளவில் இருந்தால் போதும். அடுத்த முறை வரும்போது அதே குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி நகரத்தின் ஓரத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நடுவில் பள்ளி மாறுகிறார்கள். புதுப் பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அந்த ஒரு வரியும் கூடப் போனால், அங்கே இருக்கும் ஆசிரியைக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

என் மாடிப்படிப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவளுக்கு நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் எழுதவே விடவில்லை. முறத்தில் மணல் பரப்பி ட, ப, ம. அப்புறம் தெருவில் கூட்டிக்கொண்டு போய்க் கடைப் பலகைகளில் தெரிந்த எழுத்தைத் தேடச் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று வருகிற பேருந்துகளின் பலகையைப் பார்த்தோம். 'பெரம்பூர்' என்பதில் 'ம்' தெரிந்தது, 'ப' தெரிந்தது, முன்னால் நிற்பது என்ன என்று அவளே கேட்டாள். கொம்பை அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்ட பிறகு சொல்லிக்கொடுத்ததால் மறக்கவில்லை. இப்போது வீட்டுக்கு வரும் மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட விரித்துப் படிக்கிறாள். அவள் கையெழுத்து முன்பு போல முத்து முத்தாக இல்லை. அவள் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் வகுப்புக்கு நீங்கள் வரும் நாளில் அவள் நோட்டில் கோணல் மாணலாக நிறைய இருக்கும். அவளையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வியாசர்பாடிப் பக்கம் எந்தப் பள்ளிக்கு வந்தாலும், பிள்ளைகள் படிப்பதைக் கேட்க இன்னொரு ஆள் வேண்டும் என்றால் தலைமை ஆசிரியர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். காலை முதல் மணி நேரம் நான் சும்மாதான் இருக்கிறேன், வந்து பாயில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓய்வு பெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை.